கடன் மோசடி வழக்கில் தண்டனை எப்படித் தீர்மானமாகிறது? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் ஒரு சட்டத்தரணியிடம் லிகிதராக இருக்கிறேன். சட்டத்தரணி மன்றுக்குள் நிற்கிற நேரத்தில் வெளியே வாங்கில் காத்திருப்பவர்கள் கேட்பதெல்லாம் என்னிடம்தான் வரும். மூதூரிலிருந்து வந்தாலும் கிண்ணியாவிலிருந்து வந்தாலும் கடன் வழக்கென்றால் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே போட்டிருக்கிறேன். இது பொது விளக்கம் மட்டுமே. உங்கள் கோப்பில் என்ன இருக்கிறது என்பது உங்கள் சட்டத்தரணிக்குத்தான் தெரியும்.

1. லோன் எடுத்திட்டுக் கட்ட ஏலாமப் போனா உள்ளுக்குப் போடுவாங்களா?

மாட்டார்கள். கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல, அது சிவில் விவகாரம். வங்கிக்குப் பணம் வேண்டுமென்றால் 1990ஆம் ஆண்டு 2ஆம் இலக்க கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். காணியை ஈடு வைத்திருந்தால், அதே ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி வழக்கே போடாமல் ஏலத்தில் விற்கவும் வங்கிக்கு அதிகாரம் உண்டு. ‘பராட்டே’ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு 2024இல் அதைச் சில காலம் நிறுத்தியும் வைத்தார்கள். லீசிங் என்றால் வாகனத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சொத்துப் போகலாம், பெயர் கெடலாம். ஆனால் இதில் எதிலும் சிறை இல்லை.

வீட்டுக்கு வந்து ‘பொலிஸில் பிடித்துக் கொடுப்போம்’ என்று மிரட்டுகிற வசூல்காரர்களுக்குப் பயந்து, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்த பெண்களை இந்த மாவட்டத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். நுண்கடன் தொல்லை அவ்வளவு பெரிதாகித்தான், 2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாய்க்குக் குறைந்த நுண்கடன்களை அரசாங்கம் பொறுப்பேற்கும் திட்டம் வந்தது. திருகோணமலையும் அந்தப் பட்டியலில் இருந்தது. கட்ட முடியாதவர் குற்றவாளி என்றால் அப்படி ஒரு திட்டத்துக்கே இடமில்லை.

2. அப்ப எதுதான் மோசடி? கட்டாம விடுறதும் ஏமாத்துறதும் ஒண்டுதானே?

இல்லை. பார்க்கப்படுவது, பணத்தைக் கையில் வாங்கும்போது உங்கள் மனதில் என்ன இருந்தது என்பது. தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு சொல்லும் வஞ்சனைக்கு, பொய்யான ஒன்றை நம்பவைத்து, நேர்மையற்ற எண்ணத்தோடு ஒருவரிடமிருந்து பொருளைப் பெற்றிருக்க வேண்டும். அந்த எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தது என்பதை அரச தரப்பு நிரூபிக்க வேண்டும். பிறகு தவணை தவறியது மட்டும் அதற்குச் சாட்சி ஆகாது.

நிலாவெளியில் ஒருவர் படகு இயந்திரம் வாங்கக் கடன் எடுக்கிறார், கடல் கொந்தளித்துத் தொழில் படுத்துவிடுகிறது, ஆறு தவணை நின்றுபோகிறது என்று வையுங்கள். அது கடன். இன்னொருவர் இல்லாத படகுக்கு விலைச்சிட்டை செய்து, வேறொருவரின் பதிவுப் புத்தகத்தின் கொப்பியை வைத்துக் கடன் எடுக்கிறார். முதல் நான்கு தவணையை ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் அது மோசடிதான். ‘நான் கட்டிக்கொண்டுதானே வந்தேன்’ என்ற வாதம் இரண்டாமவரைக் காப்பாற்றாது. ஆனால் தண்டனை பேசும் நேரத்தில் அதற்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. அதை 6ஆம் கேள்வியில் பார்ப்போம்.

3. எந்தப் பிரிவில வழக்குப் போடுவாங்க? ஆகக் கூடினது எத்தனை வருசம்?

தண்டனையின் உச்சவரம்பை நிர்ணயிப்பது நீதிபதி இல்லை, பிரிவு. அதனால் குற்றப்பத்திரம் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அந்த இலக்கத்தைத்தான். வெறும் வஞ்சனைக்கு 400ஆம் பிரிவு, ஒரு வருடம் வரை. வஞ்சித்துப் பணத்தையோ பொருளையோ வாங்கியிருந்தால் 403, ஏழு வருடம் வரை சிறையும் தண்டப்பணமும். கடன் மோசடி வழக்குகளில் அடிக்கடி காண்பது இந்த 403தான். இன்னொருவர் போல் நடித்து ஏமாற்றினால் 402, மூன்று வருடம் வரை.

போலி ஆவணம் செய்திருந்தால் அது தனிக் குற்றம். ஏமாற்றும் நோக்கத்தோடு போலி ஆவணம் தயாரிப்பது 457இல் வரும், அதற்கும் ஏழு வருடம் வரை. ஆவணத்தை நீங்கள் செய்யவில்லை, போலி என்று தெரிந்தே கொடுத்தீர்கள் என்றாலும் தப்பமுடியாது. அதற்கு 459 இருக்கிறது. காணி உறுதி போன்ற பெறுமதி ஆவணங்களைப் போலியாகச் செய்வதைச் சட்டம் இன்னும் கடுமையாகப் பார்க்கிறது.

லீசிங்கில் எடுத்த முச்சக்கர வண்டியைக் கழற்றி விற்பது வேறு வகை. வண்டி கம்பனியுடையது, உங்களிடம் இருந்தது நம்பிக்கையின் பேரில். அதனால் அது நம்பிக்கை மோசடியாகப் பதிவாகும். 389ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை.

4. நீதவான் கோடா ஹைகோடா எண்டதில என்ன வித்தியாசம்?

பெரிய வித்தியாசம். நீதவான் நீதிமன்றம் வழமையாக இரண்டு வருடத்துக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்க முடியாது. 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்க குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவை அப்படித்தான் வரையறுத்திருக்கிறது. அதனால் 403இல் ஏழு வருடம் என்று எழுதியிருந்தாலும், வழக்கு நீதவான் முன் முடிந்தால் ஒரு குற்றச்சாட்டுக்கு நடைமுறையில் உச்சம் இரண்டு வருடம். சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் தாக்கல் செய்தால் முழு ஏழும் மேசைக்கு வந்துவிடும்.

எந்தக் கோப்பு சட்டமா அதிபருக்குப் போகிறது என்பதில் தொகை, ஏமாந்தவர்களின் எண்ணிக்கை, போலி ஆவணங்கள், அரச பணமா என்பவை எல்லாம் சேர்ந்து பேசும். சட்டமா அதிபரின் ஆலோசனை வந்து சேரக் காலம் எடுக்கும். அதுவரை வழக்குக்குத் தவணைமேல் தவணை போட்டு ‘இது நீதவானோடு முடிந்துவிடும்’ என்று நினைத்திருப்பவர்கள், குற்றப்பத்திரம் வந்ததும் முகம் வெளிறிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

5. பத்து லட்சத்துக்கு இத்தனை வருசம் எண்டு ஒரு கணக்கு இருக்காம், உண்மையா?

பொய். இலங்கையில் தொகையை வைத்துத் தண்டனை சொல்லும் அட்டவணை எதுவும் இல்லை. பிரிவு சொல்லும் உச்சத்துக்குக் கீழே நீதிபதிக்கு விருப்பதிகாரம் உண்டு. ஆனால் அந்த விருப்பதிகாரத்தை அவர் நியாயத்தோடு பாவிக்க வேண்டும், காரணம் காட்ட வேண்டும். ‘ஐயா இண்டைக்கு நல்ல மூட்’ என்று கன்டீனில் பேசுவதை நம்பி யாரும் திட்டம் போட வேண்டாம்.

1950களில் தீர்க்கப்பட்ட, இன்றும் தண்டனை வாதங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு ஒன்று உண்டு: சட்டமா அதிபர் எதிர் எச். என். டி சில்வா. நீதிபதி குற்றவாளியின் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கக் கூடாது, பொதுமக்களின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும் என்கிறது அது. முதலில் செய்த காரியத்தின் பாரதூரம், அடுத்து அதற்குச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை, பிறகு இந்தத் தண்டனை மற்றவர்களைத் தடுக்குமா, எந்த அளவுக்கு என்பது. கடன் மோசடியில் இந்தக் கடைசி அம்சம்தான் பலரைச் சுடுகிறது. வங்கியை ஏமாற்றுவதை ‘யாருக்கும் வலிக்காத களவு’ என்று நினைக்கிறவர்கள் அதிகம் என்பதால், மற்றவர்களுக்கு எச்சரிக்கை வேண்டும் என்று அரச தரப்பு அழுத்திக் கேட்கும்.

6. சரி, அட்டவணை இல்லாட்டி நீதிபதி எதைத்தான் பாக்கிறார்?

சிறைத்தண்டனையை ஒத்திவைக்கலாமா (அது என்னவென்று 9ஆம் கேள்வியில் சொல்கிறேன்) என்று பார்க்கும்போது கவனிக்க வேண்டியவற்றை நடைமுறைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவே வரிசையாகச் சொல்கிறது. குற்றத்தின் தன்மையும் பாரதூரமும், அதில் உங்கள் பங்கு எவ்வளவு, முன்னைய நடத்தை, நேரடியாக விளைந்த நட்டம், பாதிக்கப்பட்டவரையும் சமூகத்தையும் பாதுகாக்க வேண்டிய தேவை, உண்மையான மனவருத்தத்தோடு குற்றத்தை ஏற்றாரா என்பதெல்லாம் அதில் உண்டு. ஒத்திவைப்புப் பேச்சு இல்லாத வழக்கிலும் வாதங்கள் ஏறக்குறைய இதே தடத்தில்தான் போகும்.

இதைக் கடன் வழக்குக்குப் பொருத்திப் பார்த்தால், முதலாவது திட்டமிடல். அவசரத்தில் சம்பளப் பட்டியலில் ஒரு தொகையைக் கூட்டி எழுதியவரும், கிராம உத்தியோகத்தரின் முத்திரையைச் செய்து, நொத்தாரிசின் கையெழுத்தைப் போட்டு, மூன்று வங்கிகளில் ஒரே காணியை ஈடு வைத்தவரும் ஒரே பிரிவில் நிற்கலாம். ஒரே தண்டனையில் நிற்க மாட்டார்கள். எத்தனை மாதம் உட்கார்ந்து இதைச் செய்தார் என்பதை ஆவணங்களின் திகதிகளே சொல்லிவிடும்.

இரண்டாவது, நட்டம் யாருடையது. பெரிய வங்கியின் இருபது இலட்சமும், ஒரு மாதர் சங்கத்தின் இருபது இலட்சமும் தொகையில் சமன். ஆனால் மாதர் சங்கத்தில் அது நாற்பது ஐம்பது குடும்பத்தின் சேமிப்பு. அதில் ஒருவர் பிள்ளையின் கலியாணத்துக்குச் சேர்த்ததாக இருக்கும், இன்னொருவர் வெளிநாட்டிலிருந்து வீட்டுப்பணிப்பெண்ணாக அனுப்பியதாக இருக்கும். பாதிக்கப்பட்டவர்கள் மன்றுக்கு வந்து நிற்பதும், சாட்சியத்தில் அந்த இழப்பைச் சொல்வதும் தண்டனையில் தெரியும். அப்படி நட்டப்பட்டவர் நீங்கள் என்றால், ‘வங்கி பார்த்துக்கொள்ளும், பொலிஸ் பார்த்துக்கொள்ளும்’ என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். உங்கள் ரசீதுகளோடு வாருங்கள்.

மூன்றாவது, பணம் எங்கே போனது. மருத்துவச் செலவுக்குப் போனதற்கும், உப்புவெளியில் காணி வாங்கியதற்கும் வித்தியாசம் உண்டு. மருத்துவத்துக்குப் போனது என்பது குற்றத்தை இல்லாமல் ஆக்காது, தணிக்கும். ஆனால் சும்மா சொன்னால் போதாது. வைத்தியசாலைப் பற்றுச்சீட்டு வேண்டும். 2ஆம் கேள்வியில் வந்த தவணைக் கதையும் இங்கேதான் உதவும். பிடிபடும் முன்பே கட்டியது நல்லெண்ணத்துக்கு அடையாளம். பிடிபட்ட பிறகு கட்டியது குறைவான அடையாளம்தான், ஆனாலும் அடையாளம்தான்.

முன்குற்றம் இருக்கிறதா என்பது கைரேகைப் பதிவில் வந்துவிடும். அதை மறைக்க முயன்று மாட்டுவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. வயது, சிறு பிள்ளைகள், நோய், குடும்பத்தில் ஒரே உழைப்பாளி என்பவற்றைச் சட்டத்தரணி தணிப்புச் சமர்ப்பணத்தில், அதாவது தண்டனையைக் குறைக்கச் சொல்லி மன்றில் பேசும்போது, சொல்வார். எல்லா வழக்கிலும் எல்லோரும் சொல்வதால், ஆதாரம் இல்லாமல் சொல்லப்படும்போது இவற்றுக்குப் பெரிய எடை கிடைப்பதில்லை.

7. குத்தத்தை ஒத்துக்கொண்டா குறைப்பாங்களா?

பெரும்பாலும் அது சாதகமான காரணமாக எடுக்கப்படும். எவ்வளவு என்று விகிதம் கிடையாது. வழக்கின் முதல் தவணைகளில் ஏற்பதற்கும், பத்துச் சாட்சிகளை விசாரித்து முடித்த பிறகு வேறு வழியின்றி ஏற்பதற்கும் ஒரே மரியாதை கிடைக்காது. 303ஆம் பிரிவு ‘உண்மையான மனவருத்தம்’ என்றே கேட்கிறது.

ஒன்று மட்டும் கவனம். ‘ஒப்புக்கொள், தண்டப்பணத்தோடு விட்டுவிடுவார்கள்’ என்று நீதிமன்ற வாசலில் சொல்பவர் உங்கள் சட்டத்தரணி அல்ல என்றால் கேட்காதீர்கள். ஒப்புக்கொண்டால் அது குற்றத்தீர்ப்பு. அரச வேலை, வெளிநாட்டு விசா எல்லாவற்றிலும் அது பின்னால் வரும். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால், 1978ஆம் ஆண்டின் சட்டத்தில் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு அது இருக்கவே இருக்கிறது.

8. முழுக் காசையும் திருப்பிக் கட்டிட்டன். இனிக் கேஸ் இல்லைத்தானே?

இருக்கலாம். குற்ற வழக்கை நடத்துவது அரசு, வங்கி முறைப்பாட்டாளர் மட்டுமே. எந்தக் குற்றங்களை இருதரப்பும் பேசி இணக்கமாக முடிக்கலாம் என்பதைச் சட்டம் குறித்து வைத்திருக்கிறது. போலி ஆவணக் குற்றச்சாட்டு அப்படி முடிகிற வகை அல்ல. முகாமையாளர் ‘எங்களுக்குப் பிரச்சினை இல்லை’ என்று கடிதம் தந்தாலும், அது வழக்கை மூடும் கடிதம் ஆகாது.

ஆனால் தண்டனையில் இதைப்போல உதவுவது வேறொன்றும் இல்லை என்பது என் எண்ணம். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு செலுத்தும்படி உத்தரவிட நடைமுறைச் சட்டக்கோவையின் 17ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த உத்தரவுக்கு முன்பே பணம் போயிருந்தால் நீதிபதியின் கவலைகளில் ஒன்று குறைகிறது. கட்டுவதை ரசீதோடு, சட்டத்தரணிக்குத் தெரிய, முடிந்தால் மன்றில் பதிவாகும்படி கட்டுங்கள். வங்கி உத்தியோகத்தரின் கையில் தனியாகக் கொடுத்துவிட்டு வந்து அழுதவர்கள் உண்டு.

9. ஒத்திவைச்ச மறியல் எண்டா தண்டனையே இல்லையா?

தண்டனைதான். சிறைத்தண்டனை விதிக்கப்பட்டுவிட்டது, ஆனால் உடனே அனுபவிக்கத் தேவையில்லை. நீதிமன்றம் சொல்லும் காலத்துக்குள், அது ஐந்து வருடத்துக்குக் குறையக் கூடாது, சிறைக்குரிய வேறு குற்றம் செய்தால் பழைய தண்டனையும் எழும்பி வரும்.

எல்லோருக்கும் இது கிடைக்காது. இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட தண்டனையை ஒத்திவைக்க முடியாது. ஒரே வழக்கில் பல குற்றங்கள் என்றால் மொத்தமும் இரண்டைத் தாண்டக் கூடாது. ஏற்கனவே சிறையில் இருப்பவருக்கும், சட்டமே குறைந்தபட்சத் தண்டனை வகுத்த குற்றத்துக்கும் இல்லை. சிறு வழக்குகளில், சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை போட 1999ஆம் ஆண்டு 46ஆம் இலக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

10. கூட்டுறவுச் சங்கக் காசு எண்டா ஏன் எல்லாரும் இப்பிடிப் பயப்படுத்துறாங்க?

காரணத்தோடுதான். 1982ஆம் ஆண்டு 12ஆம் இலக்க பொதுச் சொத்துகள் சட்டம் அரசின் சொத்தை மட்டும் காப்பதாக நினைக்கிறார்கள். அரச வங்கிப் பணமும் கூட்டுறவுச் சங்கத்தின் பணமும் அதற்குள் வரும். எங்கள் ஊர்ச் சங்கத்தில் நெல்லுக்குக் கொடுத்த கடன், நகை அடகு, அங்கத்தவர் கடன் எல்லாம் இதில் அடங்கலாம். ஏமாற்றிப் பெறுவதற்கும் கையாடலுக்கும் இங்கே தண்டனை ஒரு வருடத்துக்குக் குறையாமல் 20 வருடம் வரை. தண்டப்பணம் ஆயிரம் ரூபாய் அல்லது மோசடித் தொகையின் மூன்று மடங்கு, எது கூடவோ அது. முப்பது இலட்சம் எடுத்தவருக்குத் தொண்ணூறு இலட்சம் தண்டம் என்று கணக்குப் போட்டுக் காட்டினால்தான் பலருக்கு விளங்குகிறது.

பிணையும் கடினம். பிணை கொடுப்பதே வழமை, மறுப்பது விதிவிலக்கு என்கிறது 1997இன் பிணைச் சட்டம். இங்கே தலைகீழ். சட்டம் குறித்த தொகைக்கு மேல் என்று உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி சான்றிதழ் கொடுத்தால், விசேட காரணம் காட்டினால் ஒழிய விளக்கமறியல்தான்.

குறைந்தபட்சம் ஒரு வருடம் என்பதால் 9இல் சொன்ன ஒத்திவைப்பும் 303இன் எழுத்துப்படி கிடையாது. கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை நீதிபதியின் விருப்பதிகாரத்தை முற்றாகப் பறிக்காது என்று வேறு வகை வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் 2008இல் சொன்னதை வைத்துச் சட்டத்தரணிகள் வாதாடுவதுண்டு. அது வாதம். உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

11. நான் செக்கியூரிட்டிக் கையெழுத்து மட்டும்தான் வைச்சன். என்னையும் பிடிப்பாங்களா?

பிணையாளிக்குக் கடன் பொறுப்பு உண்டு, குற்றப் பொறுப்பு தானாக வராது. கடன்காரர் கட்டாவிட்டால் உங்கள் சம்பளத்தில் கை வைக்க வங்கி முயலும். அது 1ஆம் கேள்வியின் சிவில் பக்கம். விண்ணப்பம் பொய் என்று தெரிந்தே கையெழுத்து வைத்தீர்கள், அல்லது உங்கள் சம்பளப் பட்டியலே போலி என்றால்தான் நீங்களும் சந்தேகநபர்.

12. ஐடென்டிக் கொப்பி குடுத்தன். என்ட பேரில ஆரோ லோன் எடுத்திருக்காங்க. நான் குத்தவாளியா?

அடையாள அட்டைக் கொப்பியை எதற்கென்று தெரியாமல் கொடுத்தால் நீங்கள் பாதிக்கப்பட்டவர். உடனே பொலிஸில் முறைப்பாடு போட்டு முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள், கடன் தகவல் பணியகத்திலிருந்து உங்கள் கிரிப் அறிக்கையை, அதாவது உங்கள் பெயரில் உள்ள கடன்களின் விபரத்தை, எடுத்துப் பாருங்கள். தாமதித்தால் ‘தெரிந்தேதான் பேசாமல் இருந்தார்’ என்று ஆகிவிடும். வாக்குமூலத்தை உங்களுக்குத் தெரியாத மொழியில் எழுதிக் கையெழுத்துக் கேட்டால், தமிழில் பதியும்படி கேளுங்கள். வாசித்து விளங்காத தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

சிக்கல் எங்கே என்றால், ‘உன் பெயரில் எடுத்துத் தா, ஐயாயிரம் தாறன்’ என்று குழுக் கடனில் நடப்பது. கொடுத்தவருக்கு அது உதவி. சட்டத்துக்கு, கடன் யாருக்கென்று வங்கியிடம் சொன்ன பொய். இப்படி மாட்டுகிற பெண்களுக்குத் தண்டனை பேசும்போது ‘பங்கு எவ்வளவு’ என்ற அம்சம்தான் உயிர். ஐயாயிரம் வாங்கியவரும் ஐந்து இலட்சம் கொண்டுபோனவரும் ஒன்றல்ல என்பதைக் காட்ட வேண்டும். வைபர், வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். அவை உங்களைத்தான் காப்பாற்றும்.

13. பேங்க் ஐயாதான் எல்லாம் செஞ்சு தந்தவர். அவருக்கும் எனக்கும் ஒரே தண்டனையா?

அவருக்குக் கூடும். வங்கியாளர், முகவர், அரச ஊழியர் போன்றவர்கள் பொறுப்பில் இருந்துகொண்டு செய்யும் நம்பிக்கை மோசடிக்கு 392ஆம் பிரிவில் பத்து வருடம் வரை. நம்பி ஒப்படைத்த பதவியைப் பாவித்தார் என்பது தண்டனையைக் கூட்டும் காரணம். போலி நகையைத் தங்கம் என்று எழுதிக் கொடுத்த மதிப்பீட்டாளரும் இதே வகையில்தான் பார்க்கப்படுவார்.

அதற்காக ‘அவர் சொன்னார், நான் செய்தேன்’ என்பது விடுதலை அல்ல. பங்கு குறைவு என்று காட்ட மட்டும் உதவும்.

14. லோன் எடுத்துத் தாறன் எண்டு முற்காசு வாங்கினவருக்கு என்ன தண்டனை?

அதுவும் 403தான். வங்கியை ஏமாற்றினால் மட்டும் கடன் மோசடி என்றில்லை. முகநூலில் ‘ஆவணம் தேவையில்லை, ஒரு மணித்தியாலத்தில் கடன்’ என்று போட்டு, காப்புறுதிக்கு, முத்திரைக்கு என்று பணம் கறப்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். ஆளுக்கு ஏழாயிரம், எட்டாயிரம் என்பதால் ஒவ்வொருவரும் வெட்கத்தில் பேசாமல் விடுகிறார்கள். தனித்தனியே பார்த்தால் சிறு தொகை. கந்தளாயிலும் குச்சவெளியிலும் வெருகலிலும் ஏமாந்தவர்கள் முறைப்பாடு செய்தால், அது கஷ்டப்பட்டவர்களையே தேடிப் பிடித்த தொழில்முறை மோசடி என்று நீதிபதிக்குத் தெரியவரும். அப்போது தண்டனையின் நிறமே மாறும்.

15. அப்ப பத்துப் பேரிட்ட எடுத்தா பத்துத் தண்டனையா?

பத்துக் குற்றச்சாட்டு நிரூபணமானால் பத்துத் தண்டனை விதிக்கலாம். ஒன்று முடிய மற்றது என்று தொடர்வதா, எல்லாம் ஒரே காலத்தில் ஓடுவதா என்பதுதான் கேள்வி. நடைமுறைச் சட்டக்கோவையின் 16ஆம் பிரிவின்படி, ஏககாலத்தில் ஓட வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிடாவிட்டால் அவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். சட்டத்தரணி இதைக் கேட்க மறந்தால் உங்களுக்குத்தான் நட்டம். எங்கள் சட்டத்தரணி ஐயா தணிப்புச் சமர்ப்பணத்தின் கடைசி வரியாக இதை எழுதி வைத்துக்கொண்டே எழும்புவார். மொத்தம் இரண்டு வருடத்தைத் தாண்டினால் ஒத்திவைப்பும் போய்விடும் என்பதை 9இல் சொல்லியிருக்கிறேன்.

16. ரிமாண்டில இருந்த நாளைக் கழிப்பாங்களா?

தானாகக் கழியும் என்று நம்பியிருக்க வேண்டாம். நீதிபதி அதைக் கணக்கில் எடுக்கலாம், அதற்குக் கேட்க வேண்டும், திகதிகளோடு கேட்க வேண்டும்.

17. செக் திரும்பி வந்திட்டு. அதுவும் மோசடியா?

கணக்கில் பணம் இல்லை என்று தெரிந்தே காசோலை எழுதுவதை 1ஆம் கேள்வியில் சொன்ன 1990இன் 2ஆம் இலக்கச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் கடனுக்குப் பாதுகாப்பாக, திகதி போடாமல் வெற்றுக் காசோலை வாங்கி வைத்து, பிறகு வட்டிக்காரரே நிரப்பிப் போட்டார் என்றால் கதை வேறு. அந்தப் பேச்சு எப்படி நடந்தது என்பதற்குச் சாட்சி தேடி வையுங்கள்.

18. எட்டு வருசத்துக்கு முந்தின விசயம். இனி வழக்குப் போட ஏலாதுதானே?

ஏலும். கொலை, அரசதுரோகம் தவிர்ந்த குற்றங்களுக்குப் பொதுவான காலவரை 20 வருடம். எழுத்திலான கடன் ஒப்பந்தத்துக்குச் சிவில் வழக்குப் போடும் காலவரை பொதுவாக ஆறு வருடம், ஈட்டுக்குப் பத்து. இந்த இரண்டையும் குழப்பித்தான் ‘ஆறு வருசம் முடிஞ்சா எல்லாம் முடிஞ்சுது’ என்று ஊருக்குள் கதை உலாவுகிறது. பழைய சம்பவம் என்பது தண்டனையைக் குறைக்கச் சொல்லும் வாதத்துக்கு உதவலாம். இடையில் வேறு குற்றம் இல்லாமல் தொழில் செய்து வாழ்ந்திருந்தால் இன்னும் நல்லது.

19. தண்டனை கூடிப்போச்சு எண்டு நினைக்கிறன். மேல போகலாமா? அவங்களும் போவாங்களா?

போகலாம். நீதவான் நீதிமன்றத்திலிருந்து மாகாண மேல் நீதிமன்றத்துக்கு, அது திருகோணமலையிலேயே இருக்கிறது. மேல் நீதிமன்றம் விசாரித்துத் தண்டித்த வழக்கென்றால் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு. இரண்டுக்கும் 14 நாள்தான். தீர்ப்பு நாளில் அழுதுகொண்டு வீட்டுக்குப் போய், செத்தவீட்டுக்கு முப்பத்தொன்று முடிந்த பிறகு வருகிறவர்கள்போல இரண்டு வாரம் கழித்து வந்தால், அதன் பிறகு வழி மிகக் குறுகியது.

தண்டனை போதாது என்று சட்டமா அதிபரும் போகலாம். நீங்கள் குறைக்கச் சொல்லிப் போன மேன்முறையீட்டிலேயே கூட்டவும் மேல் மன்றுக்கு அதிகாரம் உண்டு. ஆகவே தீர்ப்பின் பிரதியை எடுத்து, நீதிபதி என்ன காரணம் எழுதியிருக்கிறார் என்று சட்டத்தரணியோடு இருந்து வாசியுங்கள். 6ஆம் கேள்வியில் வந்த விடயங்களில் எதையாவது அவர் பார்க்கத் தவறியிருந்தால் போவதில் பொருள் உண்டு. எல்லாவற்றையும் பார்த்து, குறைவாகவே போட்டிருக்கிறார் என்றால் அந்த 14 நாளும் பேசாமல் போகட்டும் என்று விடுவதும் ஒரு முடிவுதான்.